இன்ஜினில் போல்ட் உடைந்துவிட்டதா? ட்ரில்லை எடுக்கும் முன் உடைந்த முகத்தைப் பாருங்கள்

போல்ட் உடைந்ததும் எல்லோரும் முதலில் தேடுவது ட்ரில் மெஷினை. நானும் அப்படித்தான் தேடினேன். சில வருடங்களுக்கு முன்பு என் பழைய பெட்ரோல் காரில் தெர்மோஸ்டாட் மூடியைக் கழற்றும்போது ஒரு எம்6 (6 மில்லிமீட்டர் தடிமன்) போல்ட் உடைந்தது. பத்து ரூபாய்கூடப் பெறாத சாமான். அன்று மாலையே ட்ரில் போட்டு, ஈஸி-அவுட்டை (உடைந்த துண்டைத் திருகி எடுக்கும் கூம்புக் கருவி) நுழைத்து, அதையும் உள்ளேயே உடைத்தேன். கடைசியில் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றித் தூக்கிக்கொண்டு கோயம்புத்தூர் கணபதியில் ஒரு லேத் பட்டறை வாசலில் போய் நின்றேன். பட்டறைக்காரர் ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். "போல்ட்டு உடைஞ்சதுக்கு நான் ரொம்பக் காசு கேக்கமாட்டனுங்க. நீங்க அதை எடுக்கப் பார்த்திருக்கீங்க பாருங்க, அதுக்குத்தான் காசு" என்றார்.

அன்று நான் பார்க்காமல் விட்டது, கையோடு வந்த பாதிப் போல்ட்டின் உடைந்த முகத்தை. போல்ட் ஏன் உடைந்தது என்பது அதிலேயே தெரியும். அது தெரிந்தால் உள்ளே மாட்டிய துண்டை எப்படி எடுப்பது என்பதில் பாதி முடிவாகிவிடும். அளவுக்கு மேல் இறுக்கியதால் உடைந்த போல்ட்டின் துண்டு மரையில் தளர்வாகத்தான் உட்கார்ந்திருக்கும். தலை போனதும் அதை இழுத்துப் பிடித்திருந்த விசையும் போய்விடும் அல்லவா? துரு பிடித்து, கழற்றும்போது உடைந்தது என்றால் கதை வேறு. முழுத் தலையில் நீளமான ஸ்பேனர் மாட்டித் திருகியும் அசையாத ஒன்று, நடுவில் சின்ன ஓட்டை போட்டுச் செருகும் மெல்லிய கருவிக்கா அசையும்?

உடைந்த முகத்தில் என்ன தெரியும்?

துண்டைத் துடைத்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தால் இன்னும் நல்லது.

உடைந்த இடத்துக்குப் பக்கத்தில் கழுத்து மெலிந்து, மரைப் பற்களுக்கு இடையே இடைவெளி விரிந்திருந்தால், அது அதிகமாக இறுக்கியதில் போனது. முகத்தின் ஒரு பகுதி வழவழப்பாக, அலை வடிந்த மணலில் கிடக்கும் கோடுகள்போல வளைவு வளைவாகவும், மிச்சம் கல்கண்டை உடைத்ததுபோல் சொரசொரப்பாகவும் இருந்தால் அது களைப்பு முறிவு. போல்ட் ரொம்ப நாளாகத் தளர்ந்து கிடந்து, ஒவ்வொரு அதிர்விலும் விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போயிருக்கிறது. வழவழப்பான பகுதியில் எண்ணெய்க் கறையோ துருவோ இருந்தால் விரிசல் பழசு, நீங்கள் உடைத்தது மிச்சம் இருந்ததை மட்டும்தான். மூன்றாவது வகையில் முகம் புதிதாகப் பளபளக்கும், திருகிய தடயம் தெரியும், தண்டின் பக்கவாட்டில் மட்டும் செந்நிறத் துருப்பொடியோ வெண்பொடியோ அப்பியிருக்கும். அதுதான் பிடித்துப்போன போல்ட். வெண்பொடி என்பது அலுமினியம் அரித்து உண்டான பொடி. எஃகும் அலுமினியமும் ஈரத்தில் ஒட்டி உட்கார்ந்தால் அரிபடுவது அலுமினியம்தான். அந்தப் பொடி முன்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொண்டு, சிமென்ட் வைத்துப் பூசியதுபோல் போல்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

முதல் இரண்டு வகை என்றால் நிம்மதிப் பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம். மூன்றாவது என்றால் இன்றைக்கு வேலை முடியாது, வண்டி நாளைக்குத்தான் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள்.

அறிகுறி: காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக், சூடானதும் சத்தம் இல்லை

டேப்பெட் சத்தம் என்று நினைத்துப் பலர் ஆயில் மாற்றிப் பார்ப்பார்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் (இன்ஜின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் குழாய்) ஸ்டட் (நட் மாட்டும், தலையில்லாத போல்ட்) உடைந்திருக்கவே வாய்ப்பு அதிகம். குளிர்ந்திருக்கும்போது மேனிஃபோல்டுக்கும் ஹெட்டுக்கும் இடையில் உள்ள சந்து வழியாகப் புகை அடித்துக்கொண்டு வெளியேறும். சூடேறி உலோகம் விரிந்ததும் சந்து மூடிக்கொள்ளும், சத்தமும் நின்றுவிடும். ஹீட் ஷீல்டைக் கழற்றிப் பார்த்தால் கேஸ்கெட் ஓரத்தில் விசிறிபோலக் கரி படிந்திருக்கும். கூட ஒருவர் இருந்தால், குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, சைலன்சர் முனையைத் தடித்த துணியால் ஓரிரு நொடி அரைகுறையாக மூடச் சொல்லுங்கள். கசிவு இருந்தால் டிக் டிக் இன்னும் பலமாகக் கேட்கும்.

உடைவது பெரும்பாலும் முதல் சிலிண்டர் பக்கமோ கடைசி சிலிண்டர் பக்கமோ உள்ள ஸ்டட்தான். நாற்பது சென்டிமீட்டர் நீள வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு 500 டிகிரி சூடேறினால் சுமார் 2 மில்லிமீட்டர் நீளும். அது உட்கார்ந்திருக்கும் ஹெட் அந்த அளவு சூடாவதில்லை, அந்த அளவு நீளவும் நீளாது. நடுவில் உள்ள ஸ்டட்டுக்கு இது தெரியாது. ஓரத்தில் இருப்பது ஒவ்வொரு நாளும் வளைந்து வளைந்து நிமிரும். ஆகவே முகத்தில் களைப்புக் கோடு தெரிந்தாலும், துண்டு பல வருடம் நெருப்பில் வெந்து துருவோடு ஒட்டிக் கிடக்கும். இந்த ஒரு இடத்தில் மட்டும் மேலே சொன்ன கணக்கு பொய்த்துவிடும். மேனிஃபோல்டு ஸ்டட்டைக் கண்ணை மூடிக்கொண்டு மூன்றாவது வகையிலேயே சேர்த்துவிடுங்கள்.

இதைத் தள்ளிப்போடக் கூடாது. கசியும் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. ஏசி காற்றை வெளியிலிருந்து இழுக்கும் நிலையில் இருந்தால் அது உள்ளே வரும். அதற்கு வாசனை கிடையாது.

அறிகுறி: கூலன்ட் குறைகிறது, கீழே சொட்டு இல்லை

வாட்டர் பாடியின் (தண்ணீர் பம்ப்) ஓரத்திலும் தெர்மோஸ்டாட் மூடியின் ஓரத்திலும் பச்சையோ ரோஸோ கலந்த உப்புப் படிவம் இருக்கிறதா என்று பாருங்கள். சூடான உலோகத்தில் கசியும் கூலன்ட் சொட்டுவதற்குள் ஆவியாகிவிடும், கறை மட்டும்தான் மிஞ்சும். படிவத்துக்குப் பக்கத்திலுள்ள போல்ட் தலையைக் கையால் தொட்டு ஆட்டுங்கள், இன்ஜின் ஆறிய பிறகு. ஆடினால் அது எப்போதோ உடைந்துவிட்டது, தலை சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆடவில்லை என்றாலும் அந்த மூடியில் உள்ள எல்லா போல்ட்டும் ஈரத்தில் ஊறியவைதான். ஒன்று உடைந்தால் அடுத்ததும் உடையும் என்று எதிர்பார்த்தே கை வையுங்கள்.

அறிகுறி: டேப்பெட் கவர் மூலையில் ஆயில் கசிவு

இங்கே இருப்பது எம்6, பத்து நம்பர் ஸ்பேனர். இதில் உடைந்தவற்றில் பெரும்பாலானவை மனிதக் கையால் இறுக்கி உடைத்தவை. கசிகிறது என்று இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என இறுக்கியிருப்பார்கள். ரப்பர் கேஸ்கெட் காய்ந்துபோனதால் வரும் கசிவு இறுக்கினால் நிற்காது. எம்6க்கு 10 நியூட்டன் மீட்டர் டார்க் (திருகும் விசையின் அளவு) போதும், சில கவர்களுக்கு அதைவிடக் குறைவு. 15 சென்டிமீட்டர் ஸ்பேனரின் முனையில் 7 கிலோ எடை தொங்கினாலே அது 10 நியூட்டன் மீட்டர். அதன் இருமடங்கை நெருங்கினால் போல்ட் போகும், அல்லது அதற்கு முன்பே அலுமினிய மரை போகும். போல்ட் போனால் அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். துண்டு தளர்வாக இருக்கும், சீக்கிரம் வந்துவிடும்.

கசியும் ஆயில் எக்ஸாஸ்ட் மேல் சொட்டுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சொட்டினால் வண்டியை எடுக்காதீர்கள்.

ஆல்டர்நேட்டர் பக்கம் பெல்ட் கத்தினால், பேட்டரி விளக்கு விட்டுவிட்டு எரிந்தால், பிராக்கெட் போல்ட்டைப் பாருங்கள். அது பெரும்பாலும் களைப்பு முறிவுதான், யாரோ பெல்ட் மாற்றும்போது சரியாக இறுக்காமல் விட்டது காரணமாக இருக்கும். இதில் சொல்ல வேறொன்றும் இல்லை.

அறிகுறி: கழற்றும்போது ஸ்பேனர் ரப்பர் மாதிரி இழுக்கிறது

இன்னும் உடையவில்லை. இங்கே நிறுத்தினால் பிழைத்தீர்கள்.

நன்றாக இருக்கும் போல்ட் "கிறீச்" என்று ஒரு சத்தத்தோடு விடும், அப்புறம் லேசாகத் திரும்பும். பிடித்துப்போன போல்ட் திரும்புவதுபோல் தெரியும், ஆனால் கையை விட்டால் பழைய இடத்துக்கே வந்துவிடும். தலை மட்டும் முறுக்கிக்கொள்கிறது, மரை அசையவில்லை. இன்னும் கால் சுற்று இழுத்தால் உடையும். நீளமான பைப்பை ஸ்பேனரில் மாட்டும் பழக்கம் நம்மூரில் நிறைய உண்டு. எம்6, எம்8 போல்ட்டுகளுக்கு அந்தப் பைப்பை ஓரமாக வைத்துவிடுங்கள்.

முதலில் சத்தமே வராத வேலை: துருநீக்கி எண்ணெய். டபிள்யூ.டி.-40 பரவாயில்லை. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்தது அதைவிட நன்றாக ஊடுருவுகிறது என்பது என் அனுபவம். ஆனால் அது பெட்ரோல் மாதிரி பற்றும், பக்கத்தில் நெருப்பு கூடாது. மாலையில் விட்டு, இரவு ஒருமுறை விட்டு, காலையில் போல்ட் தலையின் மேல் நேராக நாலைந்து தட்டு தட்டுங்கள். பக்கவாட்டில் அல்ல, தலைக்கு நேர் மேலே. மரையில் உறைந்த துரு அந்த அதிர்ச்சியில்தான் விரிசல் விடும்.

அப்புறம் சூடு. அலுமினியம் ஒரே சூட்டுக்கு எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஆகவே போல்ட்டைச் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்கினால் ஓட்டை பெரிதாகும், பிடி தளரும். ஹாட் ஏர் கன் போதும். தண்ணீர்த் துளி விட்டால் உருண்டு தெறித்து ஓடும் அளவு வந்ததும் நிறுத்துங்கள். கேஸ் டார்ச் பிடிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இரும்பு உருகும் முன் சிவந்து காட்டும், அலுமினியம் காட்டாது. நிறம் மாறாமலே திடீரென்று தொங்கிவிடும். பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் டார்ச் பிடிக்கவே வேண்டாம். அதில் சில வகைகள் சூட்டில் விஷவாயுவாக மாறும்.

சூட்டோடு சூடாக, கழற்றும் பக்கம் அரைக்கால் சுற்று, மறுபடி இறுக்கும் பக்கம் கொஞ்சம், மறுபடி கழற்றும் பக்கம். இந்த முன்னும் பின்னும்தான் வேலை செய்யும். ஒரே பக்கம் இழுப்பதற்குப் பெயர் உடைப்பது.

அறிகுறி: உடைந்துவிட்டது, துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது

மூடியைக் கழற்றிய பிறகு அரை விரல் அளவு ஸ்டட் நின்றால் சந்தோஷப்படுங்கள். எண்ணெய், தட்டு, சூடு, மூன்றையும் மேலே சொன்னபடி செய்துவிட்டு வைஸ் கிரிப்பால் பிடியுங்கள். ஒருமுறை வழுக்கினால் இரண்டாவது முறை பிடிக்காதீர்கள், துண்டு வழவழப்பாகித் தேய்ந்துவிடும். அரத்தால் இரண்டு பக்கம் தட்டையாக்கி, சரியான அளவு ஸ்பேனரைப் போடலாம்.

துரு பிடித்த துண்டுக்கு நான் நம்புவது வெல்டிங்கை. ஸ்டட்டைவிட ஒரு அளவு பெரிய நட்டை அதன் மேல் வைத்து, நட்டின் ஓட்டை வழியாக உள்ளே வெல்டு வைப்பது. எம்8 ஸ்டட்டுக்கு எம்10 நட். இதில் இரண்டு லாபம்: பிடிக்கப் புதிய தலை கிடைக்கிறது, அதோடு ஸ்டட் உள்ளிருந்தே செக்கச் சிவந்து துருவை உடைக்கிறது. சிவப்பு போய்க் கையால் தொட முடியாத சூடு மட்டும் மிஞ்சும்வரை காத்திருந்து, முன்னும் பின்னுமாகத் திருப்புங்கள். முதல் நட் பிய்ந்து வந்துவிடும், இரண்டாவதும் வரலாம். மூன்றாவது நட்டில் வந்த ஸ்டட்டை நான் பார்த்திருக்கிறேன். அலுமினிய ஹெட்டில் எஃகு வெல்டு ஒட்டாது என்பது ஒரு வசதி. ஆனால் ஆர்க் நேராக அலுமினியத்தைத் தொட்டால் அது உருகும், அதனால் முதலில் ஒரு வாஷரை வைத்துக்கொள்ளுங்கள். வார்ப்பிரும்பு ஹெட் என்றால் வெல்டு அதிலும் பிடித்துக்கொள்ளும், அங்கே வாஷர் கட்டாயம். பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றியிருக்க வேண்டும். எர்த் கிளாம்பை ஸ்டட்டுக்குப் பக்கத்திலேயே ஹெட்டில் மாட்டுங்கள். தூரத்தில் மாட்டினால் கரன்ட் பேரிங் வழியாகவோ ஆல்டர்நேட்டர் வழியாகவோ சுற்றிப் போகும்.

அறிகுறி: மட்டத்துக்கு உடைந்திருக்கிறது, அல்லது உள்ளே போய்விட்டது

முகத்தைப் பார்க்கச் சொன்னதன் பலன் இங்கேதான் கிடைக்கும். இறுக்கி உடைந்தது, களைப்பில் உடைந்தது என்றால் ட்ரில்லுக்கு முன்னால் ஒரு கூரான சென்டர் பஞ்சை ஓரத்தில் சாய்த்து வைத்து, கழலும் திசையில் மெல்லத் தட்டிப் பாருங்கள். பல தடவை துண்டு தானாகச் சுற்றிக்கொண்டு மேலே வரும். ஹெட் போல்ட் உடைந்து பிளாக்குக்குள் மாட்டியிருந்தாலும், ஹெட்டைக் கழற்றிய பின் இப்படிச் சுலபமாக வருவது உண்டு. பயந்து உடனே ட்ரில் போட்டவர்கள்தான் மரையைக் கெடுத்துக்கொள்வது.

அப்படி வரவில்லை, அல்லது துருப்பிடித்த வகை, வெல்டிங் வசதியும் இல்லை என்றால் ட்ரில். இதில் அவசரப்படாமல் நேரம் செலவழிக்க வேண்டிய ஒரே இடம் மையம் பிடிப்பது. போல்ட் கடினம், சுற்றியிருக்கும் அலுமினியம் மெத்து. பிட் ஒரு மில்லிமீட்டர் விலகினால் அது கடினத்தை விட்டுவிட்டு மெத்தான பக்கம் சறுக்கிக்கொண்டு போகும். உடைந்த முகம் மேடு பள்ளமாக இருப்பதால் பஞ்சும் சறுக்கும்.

அந்தப் பட்டறைக்காரர் எனக்குச் சொன்ன வழி இது. கழற்றிய மூடியையே மறுபடி மாட்டுங்கள், உடையாத மற்ற போல்ட்டுகளை வைத்து. இப்போது உடைந்த போல்ட்டின் ஓட்டை சரியாகத் துண்டின் மையத்துக்கு நேரே நிற்கும். அந்த ஓட்டைக்குள் இறுக்கமாகப் போகும் ஒரு புஷ்ஷை லேத்தில் கடைந்து தரச் சொல்லுங்கள், நடுவில் 3 மில்லிமீட்டர் துளையோடு. கடைவது சில நிமிட வேலை. பிட் அந்தத் துளை வழியாகப் போனால் விலக வழியே இல்லை. நான் ஹெட்டைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கு இதைக் கேட்டபோது எனக்கு என் மேலேயே கோபம் வந்தது.

3 மில்லிமீட்டரில் தொடங்கி, எம்6க்கு 4, பிறகு 4.8 என்றும், எம்8க்கு 5, பிறகு 6.5 என்றும் ஏறுங்கள். எம்6 மரை வெட்டும் முன் போடும் ஓட்டை 5 மில்லிமீட்டர், எம்8க்கு 6.8. அதற்குக் கொஞ்சம் குறைவாக நின்றால் போல்ட்டின் ஓடு மட்டும் மெல்லிய சுருளாக மிஞ்சும், அதைக் கூரான கம்பியால் பிடித்து இழுத்துவிடலாம். மெஷின் மெதுவாகச் சுற்ற வேண்டும், எண்ணெய் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இடது பக்கம் சுற்றும் ட்ரில் பிட் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். சாதாரண பிட் துண்டை உள்ளே தள்ளி இறுக்கும், இது வெளியே இழுக்கும். பாதி நேரம் ஓட்டை போட்டு முடிப்பதற்குள் துண்டு பிட்டோடு சுற்றிக்கொண்டு வந்துவிடும்.

பக்கத்து ஓட்டையிலிருந்து அதே நீளப் போல்ட்டைக் கழற்றி அளந்து, பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் தண்ணீர் அறை இருக்கலாம். இன்டேக், எக்ஸாஸ்ட் துளைகளில் துணி திணித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பிட்டில் கிரீஸ் தடவினால் உலோகத் தூள் அதிலேயே ஒட்டிக்கொள்ளும்.

ஈஸி-அவுட் பற்றி ஒரு வார்த்தை. தளர்வான துண்டுக்கு அது தங்கம். பிடித்துப்போன துண்டுக்கு அது அடுத்த பிரச்சினை. கூம்பு வடிவத்தில் இருப்பதால், உள்ளே திருகத் திருகப் போல்ட்டின் ஓட்டைச் சுவரை வெளிப்பக்கம் விரித்து மரையில் இன்னும் இறுக்கும். அலுமினியத்தில் எம்6க்கு நான் இப்போது அதைத் தொடுவதே இல்லை.

அறிகுறி: ஈஸி-அவுட் உள்ளேயே உடைந்துவிட்டது

நிறுத்துங்கள். அது சாதாரண ட்ரில் பிட் அளவுக்கே கடினமான எஃகு, உங்கள் பிட் அதன் மேல் வழுக்கிப் பக்கவாட்டில் அலுமினியத்தைத் தோண்டும். கார்பைடு பிட்டால் வெட்டலாம், ஆனால் கையில் பிடித்த ட்ரில்லில் அது நொறுங்கிவிடும், மில்லிங் மெஷினில் இறுக்கிவைத்துத்தான் ஓட்ட வேண்டும். இன்னொரு வழி ஸ்பார்க் எரோஷன் மெஷின். அச்சு செய்யும் டூல் ரூம்களில் இருக்கும். தீப்பொறியால் உலோகத்தைத் துளித்துளியாக அரித்து எடுக்கும், எவ்வளவு கடினமானாலும் அதற்குக் கவலை இல்லை. என் ஹெட்டில் அப்படித்தான் எடுத்தார்கள், மரைகூடக் கெடவில்லை. லேத் பட்டறையில் கேட்டால் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று சொல்வார்கள்.

அறிகுறி: துண்டு வந்துவிட்டது, புதுப் போல்ட் பிடிக்காமல் சுற்றுகிறது

மரை போய்விட்டது. டெஃப்லான் டேப், எம்-சீல், கொஞ்சம் பெரிய போல்ட்டைத் திணிப்பது, இவையெல்லாம் வண்டியை விற்கப் போகிறவர்கள் செய்வது. ஹெலிகாயில் போடுங்கள். எம்6க்கு 6.3 மில்லிமீட்டர் ஓட்டை, எம்8க்கு 8.3, அதற்கென்று வரும் தனி டேப்பால் (ஒட்டும் டேப் அல்ல, மரை வெட்டும் கருவி) மரை வெட்டி, ஸ்டீல் ஸ்பிரிங் போன்ற சுருளைத் திருகி இறக்குவது. அலுமினியத்தில் முதலில் இருந்த மரையைவிட இது பலம். அந்தக் கருவியை நேராகப் பிடிக்கத் தெரியவில்லை என்றால் இதையும் லேத்திலேயே கொடுத்துவிடலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மாட்டும் முன் ஓட்டையில் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அடி மூடிய ஓட்டையில் திரவம் இருந்தால் போல்ட் இறங்கும்போது அதற்குப் போக வழி இல்லை, அழுத்தத்தில் வார்ப்பே விரிசல் விடும். துணித்திரி விட்டுக் காய வைத்துவிடுங்கள்.

போல்ட் தலையில் 8.8, 10.9 என்று அதன் பலத்தைச் சொல்லும் எண் இருக்கும். எந்த எண் வந்ததோ அதே எண் வாங்குங்கள். எண்ணே இல்லாத போல்ட்டை ஹார்டுவேர் கடைக்காரர் நீட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். நீளமும் மாறக் கூடாது: நீண்டது அடியில் முட்டி இறுகியதுபோல் காட்டும், மூடி தளர்ந்தே கிடக்கும். குட்டையானது நாலு மரையில் தொங்கி அவற்றைப் பிய்த்துக்கொண்டு வரும். கழற்றும்போதே அட்டையில் மூடியின் படம் வரைந்து, போல்ட்டுகளை அந்தந்த இடத்தில் குத்தி வைத்தால் இந்தக் குழப்பமே வராது.

எம்8க்கு 20 முதல் 25 நியூட்டன் மீட்டர்தான் பொதுவான அளவு, ஆனால் உங்கள் வண்டிக் கையேடு வேறு சொன்னால் அதுதான் சரி. மரை பிடித்துக்கொள்ளாமல் காக்கும் ஆன்டி-சீஸ் பசையைத் தடவினால் உராய்வு குறையும். அதே டார்க்கில் போல்ட் இன்னும் அதிகமாக இழுபடும், ஆகவே கொஞ்சம் குறைத்து இறுக்குங்கள். ஹெட் போல்ட் பல வண்டிகளில் ஒருமுறைதான், இறுக்கும்போதே நிரந்தரமாக நீளும்படி செய்யப்பட்டவை. கனெக்டிங் ராடு போல்ட், ஃப்ளைவீல் போல்ட், கேம் கேப் போல்ட் உடைந்தால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. இன்ஜினைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

மேனிஃபோல்டு ஸ்டட் மாற்றியிருந்தால் மற்ற ஸ்டட்டுகளையும் கையோடு மாற்றிவிடுங்கள், நட் தாமிர முலாம் பூசியதாக இருக்கட்டும், அடுத்த தடவை கழற்றுபவர் உங்களைத் திட்டமாட்டார். இரண்டு மூன்று நாள் ஓட்டிய பிறகு, ஆறிய இன்ஜினில் எல்லா நட்டையும் ஒருமுறை டார்க் ரெஞ்ச் வைத்துத் தொட்டுப் பாருங்கள். மறுநாள் காலை ஸ்டார்ட் செய்யும்போது பானெட்டைத் திறந்துவைத்து, ஏசியையும் பாட்டையும் அணைத்துவிட்டு, முதல் அரை நிமிடம் காது கொடுத்துக் கேளுங்கள்.